கடைகயிறு

மத்துச் சத்தம் கேட்டால் போதும், எதிர்வீட்டுச் சித்தையன் தூக்குச் சட்டியோடு வந்து நின்றுவிடுவார்.

பாலனுக்குப் பற்றிக்கொண்டு வரும். மாடு இவனுடையது, தீவனம் இவனுடையது. வெண்ணெய் மட்டும் எதிர்வீட்டுக்கா?

கேட்டால் அவன் மனைவி மகேஸ்வரி, பிறந்த ஊரான கௌதள்ளியின் சாங்கியத்தைச் சொல்வாள். தயிர் கடையும்போது வீட்டுக்குள் வந்தவர், கயிற்றைப் பிடித்துக் கொஞ்ச நேரமாவது இழுத்துவிட்டுத்தான் போக வேண்டுமாம். சும்மா போனால் வெண்ணெயும் அவர் பின்னாலேயே போய்விடுமாம். இழுத்தவரை வெறுங்கையோடு அனுப்பவும் கூடாதாம்.

ஆக, ஒரு கை வெண்ணெய், தூக்கு நிறைய மோர்.

மைசூருக்கு வந்து பதினைந்து வருஷமாகிறது, இன்னும் என்ன கௌதள்ளி என்று பாலன் முறைப்பான். அவள் காதில் ஏறாது.

வாங்கியதோடு விட்டாரா மனுஷர்? டீக்கடையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "என் கை பட்டாத்தான் குரு, பாலன் வீட்ல வெண்ணெயே திரளும்" என்று வேறு சொல்லிக்கொண்டிருந்தார். கடையே பாலனைப் பார்த்துச் சிரித்தது.

அன்று மகேஸ்வரியின் தம்பி பழனி ஊரிலிருந்து வந்திருந்தான். பாலன் அவனைப் பிடித்துக்கொண்டான்.

"உங்க ஊர்ச் சாங்கியத்துல என் வெண்ணெய் பாதி எதிர்வீட்டுக்குப் போகுது, மாப்பிள்ளை."

விவரம் கேட்ட பழனி முழித்தான். "எங்கூர்லயா மாமா? மத்து ஓடறப்ப அம்மா கதவையே சாத்திப்போடுமே. கண்ணு பட்டாத் திரளாதுன்னு எங்களைக்கூட உள்ள விடாது."

பாலன் விறுவிறுவென்று சமையலறைக்குப் போனான்.

சித்தையன் இன்னும் வரவில்லை. பானையில் வெண்ணெய் திரண்டு மிதந்துகொண்டிருந்தது. மகேஸ்வரி கயிற்றை விடாமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பி பேசியது அவளுக்கும் கேட்டிருந்தது.

"அப்படி ஒரு சாங்கியம் எங்கயும் இல்லீங்க" என்றாள். "அவரு வேலை செஞ்ச மில்லு மூடி ஆறு மாசமாச்சு. அரிசி குடுத்தனுப்பினேன். நான் இன்னும் கையேந்தலம்மான்னு திருப்பி அனுப்பிட்டாரு. வேலை செஞ்ச கூலின்னாத்தான் வாங்கறாரு."

வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம்.

மகேஸ்வரி பானையைப் பார்த்தாள். எல்லாம் திரண்டாயிற்று. இனி எதை இழுக்கச் சொல்லிக் கயிற்றைக் கொடுப்பது?

பாலன் மறுநாளைக்கு வைத்திருந்த தயிர்ச் சட்டியை எடுத்து, திரண்ட வெண்ணெயின் மேல் அப்படியே கவிழ்த்தான்.

"வாங்கண்ணா" என்றான், தெருவுக்கே கேட்கிற மாதிரி. "ஒரு மணி நேரமா இழுக்கறோம். நீங்க கை வைக்காம திரள மாட்டேங்குது."