வருடத்துக்கு ஒருமுறை ஓடும் தட்டு

இசைத்தட்டுச் சங்கத்துக்கு டீ கொண்டுவரும் ஜெசிந்தாவிடம் எல்லாத் தட்டுக்கும் ஓர் அபிப்பிராயம் உண்டு. ஒன்று துணி துவைக்கத் தோது, இன்னொன்று பல்வலிக்காரன் முனகல். உறுப்பினர்கள் சிரிப்பார்கள். அன்று தலைவர், வருடத்துக்கு ஒருமுறை மட்டும் ஓடவிடும் அபூர்வத் தட்டை வைத்தார். அந்தக் கனத்த குரலின் சோகத்தில் வழக்கம்போல் அவர் கண் கலங்கியது.

“தூங்கி வழியுது சார்,” என்றாள் ஜெசிந்தா.

“சும்மா இரும்மா!”

அவள் குனிந்து பார்த்தாள். “தட்டுல வேகம் நாப்பத்தஞ்சுன்னு போட்டிருக்கு. மிஷின் முப்பத்துமூணுல சுத்துது.” யாரையும் கேட்காமல் விசையைத் தள்ளினாள்.

பாட்டு துள்ளி எழுந்தது. அது ஒரு சிறுமியின் கும்மாளம். ஜெசிந்தா டீக் கேனில் தாளம் தட்ட, சங்கமே சேர்ந்துகொண்டது. தலைவரின் கண்ணீர் மட்டும் பழைய வேகத்திலேயே வழிந்துகொண்டிருந்தது.