கதகதப்புத் திருடன்

ஒரே ஒரு வீட்டிலே ஒரே ஒரு மேசை, மேசை மேலே ஒரு லேப்டாப். மழைநாளில் அதன் பக்கவாட்டு ஓட்டை வழியே வரும் கதகதப்பில் ஒட்டிப் படுப்பது அந்த வீட்டுப் பூனையின் வழக்கம். அன்றைக்கு உள்ளேயிருந்த குட்டி ஃபேன் உர்ரென்று இரைந்தது.

"யாரைப் பார்த்து உறுமுற?" என்றது பூனை.

"நான் எங்கே உறுமினேன் அக்கா? ஓட்டையை அடைச்சுக்கிட்டுப் படுத்திருக்கீங்க, மூச்சு முட்டுது. கொஞ்சம் தள்ளிப் படுங்களேன்."

தள்ளிப் படுக்கணுமாம். இந்த இடத்தை வேறு யாருக்குப் பேசி வைத்திருக்கிறதோ என்று பூனைக்குச் சந்தேகம். வாலையும் சேர்த்து வைத்து ஓட்டையை அடைத்தது. ஃபேன் இரைந்து இரைந்து, கடைசியில் சூடு தாங்காமல் லேப்டாப்போடு சேர்ந்து அணைந்தே போனது.

"அப்படி வா வழிக்கு" என்று பூனை கண்ணை மூடியது. சற்று நேரத்தில் வயிற்றடியில் சில்லென்றது.

"போகிற போக்கில் சூட்டையும் தூக்கிக்கிட்டுப் போயிட்டான், திருட்டுப் பயல்" என்று முனகியபடி இறங்கி, ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் கதகதப்பைத் தேடி நடந்தது.