தெளிந்த தண்ணீர்

காரைக்குடிச் சாயப்பட்டறையின் மொட்டைமாடியில் ராஜப்ரியா வானத்தைப் பார்த்துப் பார்த்துத் தவித்தாள். அவள் ஆய்வகத்தில் செய்த பொடி, வெயில் பட்டால்தான் சாயக்கழிவை முறிக்கும். காலையிலிருந்து மேகம் விலகவே இல்லை. அவள் எதிரே இரண்டு தட்டுகளில் ஊற்றி வைத்திருந்த சாயக்கழிவுத் தண்ணீர் நிறம் மாறாமல் கிடந்தது. இன்று தண்ணீர் தெளியாவிட்டால் அதிகாரிகள் பட்டறையை மூடிவிடுவார்கள்.

"நீங்க போயி சாப்பிட்டு வாங்கம்மா. நான் பாத்துக்கிறேன்," என்றார் பட்டறைக்காரர் வீரப்பன்.

அவள் திரும்பி வந்தபோது இரண்டு தட்டுகளிலும் தண்ணீர் பளிங்காகத் தெளிந்திருந்தது.

"செயிச்சுட்டீகம்மா."

"அண்ணே, ரெண்டாவது தட்டுல நான் பொடியே போடலையே. சும்மா ஒப்பிட்டுப் பாக்க வச்சது."

வீரப்பன் தலைகுனிந்தார். "எதுல போட்டீகன்னு எனக்குத் தெரியலை. ரெண்டுலயும் குழாத்தண்ணிய மாத்தி ஊத்திட்டேம்மா."

கீழே அதிகாரிகளின் ஜீப் வந்து நின்றது. அவள் இரண்டு தட்டுகளையும் கவிழ்த்துவிட்டு, ஒரு நாள் வெயிலுக்கு அவகாசம் கேட்கப் படியிறங்கினாள்.