கை பிரேக்

கப்பல் வேலை முடிந்து பல மாதம் கழித்துப் பிலிப்பைன்ஸில் சொந்த ஊரான இலோய்லோவுக்கு வந்த கிரிசாந்தோ, ஊரார் பார்க்கக் காரைக் கிளப்பினான். பின்சக்கரம் அசைவேனா என்றது. மெக்கானிக் ஆம்போ சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தார்.

"கை பிரேக்க இழுத்து வச்சே நிறுத்தியிருக்கு தம்பி. மழை ஈரத்துல துருப்பிடிச்சு உள்ள ஒட்டிக்கிச்சு. சக்கரத்துக்குக் கல்லு வச்சுட்டு, பிரேக்க இறக்கியில்ல விட்டிருக்கணும்?"

கிரிசாந்தோ சாவியை விரலில் சுழற்றியபடியே மனைவி நெனிதாவின் பக்கம் திரும்பினான்.

"கேட்டியா? எருமை மாடு ஓட்டக்கூடத் தெரியாதவளுக்குக் காருக்குள்ள என்னடி வேலை? உன் கை பட்டது எது உருப்பட்டுச்சு?"

வேலியோரம் நின்றவர்கள் சிரித்தார்கள்.

நெனிதா நிதானமாகச் சொன்னாள். "எங்கம்மாவுக்கு மூச்சு முட்டுன அன்னைக்கு, கார் ஓட்ட ஆள் வந்து நின்னாரு. கதவத் திறக்க முடியல. கொட்டுற மழையில ட்ரைசைக்கிள்லதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனேன்."

"ஏன் திறக்க முடியல?" என்றான் கிரிசாந்தோ.

"இருக்கிறது ஒரே சாவி. பொம்பள கையில குடுத்தா வெளங்காதுன்னு, பூட்டிக் கப்பலுக்கே கொண்டுபோயிட்டீங்களே, கப்பல்காரரே!"

சுழன்ற சாவி விரலிலேயே நின்றது. வேலியோரம் மறுபடி சிரிப்பு எழுந்தது. இந்தத் தடவை ஆம்போவும் சேர்ந்துகொண்டார்.