மாமனாருக்கு விழுந்த ஆட்டு ஊசி

"உன் வீட்டுக்காரரு உங்கப்பாவுக்கு ஊசி போட்டுட்டாருடி!"

சித்தி போனில் அலறியபோது, துணிக்கடையில் ஒரு வாடிக்கைக்காரிக்குக் கடையையே விரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள் அவள்.

"அப்பாவுக்குக் காய்ச்சலா சித்தி?"

"காய்ச்சலாவது கத்தரிக்காயாவது! ஆட்டு ஊசிடி! குளம்பு அழுகலுக்குப் போடறது. கட்டைவிரல்ல இறக்கிட்டாரு. ஆஸ்பத்திரியில விரலைக் கிழிச்சு வச்சிருக்காங்க!"

அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

அவள் புருஷன் முன்னாள் பஸ் கண்டக்டர். பஸ் நின்றுபோனதிலிருந்து வீட்டோடு மாப்பிள்ளை. மாமனாரின் ஆடுகளைப் பார்க்கிறார். பார்ப்பதோடு சரி. பட்டிக்குள் ஆட்டை அடைக்கும்போதுகூட, "உள்ள போ, உள்ள போ, எடம் இருக்கு" என்றுதான் வாய் வரும்.

அப்பாவோ ஆடு வளர்ப்போர் சங்கத்துக்கே 'ஊசி வாத்தியார்'. புதிதாக ஊசி பிடிக்கிற யாரும் அவர் வகுப்புக்கு வராமல் ஆட்டைத் தொட முடியாது. அவருக்கே இந்தக் கதி!

வார்டில் அப்பா பூசணிக்காய் அளவுக் கட்டோடு தர்பார் நடத்திக்கொண்டிருந்தார்.

"ஆட்டுக்குக் கழுத்து எங்க இருக்கு, எனக்குக் கட்டைவிரல் எங்க இருக்கு! இது தெரியாத ஆளுக்குப் பொண்ணைக் குடுத்திருக்கேன் பாருங்க!"

மூலையில் காலி மருந்து பாட்டிலோடு புருஷன் நின்றார். செக்கிங்கில் மாட்டின பயணி மாதிரி.

"விடுங்க வாத்தியாரே," என்றார் சங்கப் பொருளாளர். "இந்த வருஷம் உங்க குளம்பு அழுகாது."

வார்டே சிரித்தது. பக்கத்துக் கட்டில்காரர் தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அது கிடக்கட்டும், எனக்கு ஒரு சந்தேகம்," என்றார் இன்னொருத்தர். "போன வாரம் ஊசி போட்டதுல ரெண்டு ஆட்டுக்குக் கழுத்துல கட்டி எழும்பியிருக்கு. கீறி விட்டுடவா?"

"கீறினா உன்னைக் கீறுவேன்! மருந்து தங்கின கட்டிய்யா அது. தன்னால வத்தும். சூடா இருக்கா, சீழ் கோக்குதான்னு மட்டும் பாரு. அப்படின்னா டாக்டரைக் கூப்பிடு. ஆமா, ஊசியை மாத்தினியா, ஒண்ணையே வச்சு எல்லாத்தையும் குத்தினியா?"

கேட்டவர் கூரையைப் பார்த்தார்.

"அதானே பார்த்தேன்! நாளைக்கு வகுப்புக்கு வா. இந்தக் கையோடவே சொல்லித் தர்றேன். இவரையும் கூட்டிட்டு வந்து, எப்படிப் போடக்கூடாதுன்னு நிறுத்திக் காட்டறேன்!"

மறுபடி சிரிப்பு. அவளுக்குக் காது மடல் எரிந்தது. புருஷனைத் தரதரவென்று வராந்தாவுக்கு இழுத்துப் போனாள்.

"என்னங்க பண்ணித் தொலைச்சீங்க?"

"ஆடு திமிறிடுச்சு."

"ஆடுன்னா திமிறத்தான் செய்யும். உங்க புத்தி எங்க போச்சு?"

அவர் காலி பாட்டிலின் மூடியைத் திருகினார்.

"போதுங்க. ஊரே சிரிக்குது. எங்கயாவது வேலை தேடிக்கிட்டுக் கிளம்புங்க. எனக்கு மனசு ஆறினா நான் வர்றேன். ஆறலைன்னா இல்ல."

அவர் சட்டைப்பையிலிருந்து மருந்துச் சீட்டை எடுத்தார். "சரி. மாமாவுக்கு மாத்திரை வாங்கணும். வாங்கிக் குடுத்துட்டுக் கிளம்பறேன்," என்று படியிறங்கிப் போனார்.

நர்ஸ் அந்தப் பக்கமாக வந்தாள். "அவரு உங்க வீட்டுக்காரரா? பெரியவரு 'சின்னக் குத்துதான்'னு வீட்டுக்குக் கிளம்பப் பார்த்தாரும்மா. இவருதான் பாட்டிலை நீட்டி, 'எண்ணெய் மருந்துங்க, உள்ள பரவிடும், உடனே பாருங்க'ன்னு வாசல்லயே ஒரே ரகளை. இன்னும் தாமதமாகியிருந்தா விரலையே எடுத்திருக்கணும்."

"குத்தினவரு பின்ன ரகளை பண்ணாம?" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

கூட்டம் கலைந்திருந்தது.

"அப்பா, அவரைக் கிளம்பச் சொல்லிட்டேன்."

"எங்க?"

"எங்கயாவது. இனிமே உங்க கண்ணுல படமாட்டாரு."

தர்பார் முகம் பொசுக்கென்று சுருங்கியது. "ஏண்டி? இப்ப என்ன ஆயிடுச்சுன்னு அவரை விரட்டறே?"

"நல்லா இருக்கே! இவ்வளவு நேரம் நீங்கதானேப்பா மானத்தை வாங்கினீங்க?"

அப்பா இந்தப் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் பார்த்தார். பக்கத்துக் கட்டில்காரர் குறட்டையில் இருந்தார்.

"கிட்ட வா," என்றார். "ஊசி குத்தினப்போ மாப்பிள்ளை பட்டியிலேயே இல்ல. தண்ணி எடுக்கப் போயிருந்தாரு. போன்ல பேசற சுவாரசியத்துல நானேதான் குத்திக்கிட்டேன்."

"அப்புறம் எதுக்கு அந்த மனுஷனை அந்தப் பேச்சு பேசினீங்க?"

"பேசலைன்னா எவன் நம்புவான்? ஊசி வாத்தியாரு தன் விரல்லயே குத்திக்கிட்டாருன்னு தெரிஞ்சா, நாளைக்கு எவன் வகுப்புக்கு வருவான்?"

"ச்சே! அதுக்காக இப்படி ஒரு பொய்யை ஜோடிப்பீங்களா?"

"சத்தியமா அது என் யோசனை இல்லடி," என்றார் அப்பா, கட்டுப் போட்ட கையைப் பார்த்தபடி. "வண்டியில வர்றப்போ மாப்பிள்ளைதான் சொன்னாரு. 'நான் குத்திட்டேன்னே சொல்லிடுங்க மாமா. உங்க பேரு கெடக்கூடாது. என் பேருல இனிமே கெடறதுக்கு என்ன இருக்கு'ன்னு."