முந்தானை போட்ட சின்னதுரை

“எவன்டா... எவன்டா என்னைக் கேக்குறது?”

திரௌபதி அம்மன் கோயில் வாசலில் அவன் ஒரு சுற்றுச் சுற்றித் தொப்பென்று விழுந்தான். கட்டம் போட்ட சட்டையில் மேல்பொத்தான் இல்லை. லுங்கி ஒரு பக்கம் இழுத்தது, தலைத்துண்டு கண்வரை இறங்கிக் கிடந்தது. ஊரே கூடி நின்றும் ஒருவரும் தூக்கிவிடப் போகவில்லை.

போவானேன்? நாடகம் நடக்கும்போது நடிகரைத் தூக்கக் கூடாதே! விழுப்புரத்திலிருந்து வீதி நாடகக் குழு வந்திருந்தது. குடிகாரப் புருஷனும் அவன் பெண்டாட்டியும்தான் கதை.

எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் சின்னதுரை. “அசல் குடிகாரன் தோத்தான் போ! என்கிட்டகூட இதே மாதிரி சட்டை ஒண்ணு இருக்குது, சவுரி. தொவைக்கப் போட்டது இன்னும் வரல.”

பக்கத்திலிருந்த சவுரிராயன் அவரை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

பாவம், சின்னதுரைக்குக் கண்ணாடி இல்லை. அது இல்லாவிட்டால் ஆள் முகமெல்லாம் அவருக்குக் கேப்பைக் களிதான். திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்றுவிட்டு வந்த அன்று வாய்க்காலில் விழுந்ததில் உடைந்துவிட்டது. ஏன் விழுந்தார் என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. கேட்டுத்தான் தெரிய வேண்டுமா?

மறுநாளே அவர் மனைவி பவுனு துணிப்பையைத் தூக்கிக்கொண்டு திருவாமாத்தூருக்கு, அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். “இனிமே குடிக்க மாட்டேன்னு ஊரு நடுவுல சத்தியம் பண்ணட்டும். அப்பத்தான் வருவேன்” என்று சொல்லியனுப்பினாள்.

“ஆம்பள ஊரு நடுவுல கையக் கட்டிக்கினு நிக்கிறதா?” என்று இவர் மீசையை முறுக்கினார். இரண்டு பேருக்கும் நடுவில் தூது போய்ப் போய் அழுதவள், விழுப்புரம் காலேஜில் படிக்கும் மகள் கலைமதிதான்.

நாடகத்தை நடத்திய அம்பிகா கையைத் தட்டினாள். நடிகர்கள் அப்படியே நின்றார்கள்.

“இந்தப் பொண்டாட்டி இப்ப என்னங்க பண்ணலாம்? வாயால சொன்னா பத்தாது. யாருக்குத் தோணுதோ அவங்க வந்து, அவ எடத்துல நின்னு நடிச்சுக் காட்டணும்.”

முனியம்மாள் போய் அழுது பார்த்தாள். குடிகாரன் கொட்டாவி விட்டான். சின்னதுரைக்குப் பொறுக்கவில்லை.

“நகரு முனியம்மா! அழுதா திருந்துற மூஞ்சியா இது? நான் வர்றேன்!”

தோள் துண்டை முந்தானையாகப் போட்டுக்கொண்டு, மீசையும் தானுமாக அவர் நடுவில் வந்து நின்றதும் விசில் பறந்தது.

“யோவ், எழுந்திரு! ஊரு நடுவுல சத்தியம் பண்ணு. அப்பத்தான் நான் வீட்டுக்கு வருவேன்!”

“ஆம்பள... ஊரு நடுவுல... கையக் கட்டிக்கினு நிக்கிறதா?” என்று கரகரத்த குரலில் குழறினான் குடிகாரன்.

எங்கேயோ கேட்ட பேச்சு மாதிரி இருந்தது. சின்னதுரை இருந்த வேகத்தில் அதையெல்லாம் யோசிக்கவில்லை.

“ஏன்யா, ஊரு நடுவுல உருண்டப்ப வராத வெக்கம் சத்தியம் பண்ணத்தான் வருதா? அவ இல்லாத வீடு ஒரு வீடாய்யா? கஞ்சி தொண்டையில எறங்குதா உனக்கு?”

பெண்டாட்டி வேஷத்தில் இருப்பது அவருக்கு மறந்தே போய்விட்டது. குரல் உடைந்தது. சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் மெல்ல அடங்கியது.

குடிகாரன் தலைத்துண்டை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டான். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “சத்தியம் பண்ணிப் பழக்கமில்லீங்க. நீங்களே சொல்லிக் காட்டுங்க” என்றான்.

“இதுகூடத் தெரியாதா? யாராச்சும் கற்பூரம் கொண்டாங்கடா, ஜல்தி!” என்று கத்தினார் சின்னதுரை. “இத பாரு, வெளையாட்டுன்னு நெனைக்காத. துரோபதையம்மன் எதிர்ல வெளையாட்டுக்குச் சொன்னாலும் சத்தியம் சத்தியந்தான்!”

கற்பூரம் வந்தது. சின்னதுரை அம்மனைப் பார்த்து முழங்கினார். “தாயே! சாராயமோ பிராந்தியோ, இனிமே கையால தொட மாட்டேன். இது உம்மேல சத்தியம்!” எரிந்த கற்பூரத்தை உள்ளங்கையால் ஓங்கி அடித்து அணைத்தார்.

பெண்கள் பக்கம் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்த ஒருத்தி, கண்ணைத் துடைத்துக்கொண்டு துணிப்பையோடு எழுந்தாள்.

“பார்த்த இல்ல? ம்... இப்ப நீ சொல்லுடா!” என்று குடிகாரனை அதட்டினார் சின்னதுரை.

குடிகாரன் ஒட்டுமீசையைப் பிய்த்து எறிந்துவிட்டுத் தலைத்துண்டை அவிழ்த்தான். உள்ளேயிருந்து நீளமாக ஒரு பின்னல் விழுந்தது.

“நான் எதுக்குப்பா சொல்லணும்? நான்தான் குடிக்கறதே இல்லையே!”