புது லேப்டாப்பில் மஞ்சள்

இளையவள் அட்டைப்பெட்டியைத் திறந்து, லேப்டாப்பை இரண்டு கைகளாலும் தூக்கி மூத்தவளின் மேஜைமேல் வைத்தாள்.

"அக்கா, ஸ்கிரீன் எப்படியிருக்குன்னு நீங்களே பார்த்துச் சொல்லுங்க. அப்படியே கொஞ்சம் செட் பண்ணியும் குடுங்க."

அண்ணனுக்கும் தம்பிக்கும் வாழ்க்கைப்பட்டு, ஒரே வீட்டில் கீழும் மாடியுமாகக் குடியிருப்பவர்கள். தொழிலும் ஒன்றுதான். ஸ்டுடியோக்காரர்கள் அனுப்பும் படங்களுக்கு வீட்டிலிருந்தபடியே நிறம் திருத்திக் கொடுப்பது.

மூத்தவள்தான் முதலில் தொடங்கியவள். கீழ்வீட்டம்மா கை பட்டால் செத்த படத்துக்கும் உயிர் வரும் என்று பேர் வாங்கியவள்.

போன வருஷத்திலிருந்து அந்த ஸ்டுடியோக்காரர்கள் ஒவ்வொருவராக மாடிப்படி ஏறத் தொடங்கினார்கள். யாரும் காரணம் சொல்லவில்லை. இவளைப் பார்த்தால் "இப்பல்லாம் வேலையே கம்மிம்மா" என்று ஒரு சிரிப்பு. அடுத்த நிமிஷம் செருப்புச் சத்தம் மேலே போகும்.

அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அடிவயிற்றில் யாரோ மிளகாய் அரைப்பதுபோல் இருக்கும் அவளுக்கு. என்ன பேசி மயக்கினாளோ, எவ்வளவு குறைத்துக் கேட்டாளோ என்று சோறு இறங்காது.

இப்போது புது லேப்டாப் வேறு. வாங்கினதோடு நிற்காமல் கீழே கொண்டுவந்து காட்டவும் வேண்டும். கிள்ளுவதற்கென்றே நகம் வளர்ப்பவள்.

ஆனாலும் தொழில் தொழில்தான். ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, நாற்காலியை முன்னால் தள்ளி உட்கார்ந்தாள்.

முதலில் முழுக் கறுப்பு. விளிம்பில் எங்காவது வெளிச்சம் கசிகிறதா என்று மூலை மூலையாகப் பார்த்தாள். கசியவில்லை. முழுச் சிவப்பு, முழுப் பச்சை, முழு நீலம் என்று மாற்றி மாற்றிப் போட்டாள். ஒரு புள்ளிகூடச் செத்திருக்கவில்லை. பக்கவாட்டில் தலையைச் சாய்த்துப் பார்த்தாலும் நிறம் மாறவில்லை.

இவ்வளவு நல்ல ஸ்கிரீனை அவள் தொட்டதேயில்லை. அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

"ஒரு படம் போடு."

இளையவள் ஒரு கைக்குழந்தையின் படத்தைத் திறந்தாள். வெள்ளைத் துணியில் சுற்றி, கண் மூடித் தூங்குகிற குழந்தை.

மூத்தவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது.

"மஞ்சளடிக்குதே!"

சொல்லும்போது குரலில் வந்த துள்ளலை அவளால் அடக்க முடியவில்லை. இராத்திரிக்கென்று மஞ்சளைக் கூட்டும் வசதி ஏதாவது ஓடுகிறதா என்று தேடினாள். இல்லை. வெளிச்சம் தானாகக் கூடிக் குறைவதை நிறுத்தினாள். அப்போதும் மஞ்சள். பளபளப்பைப் பார்த்து வாங்கினால் இப்படித்தான்.

"கவலைப்படாதே, நான் சரி பண்றேன்" என்று பெரிய மனது பண்ணிச் சொன்னாள். மஞ்சளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, நீலத்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினாள். ஒரு வருஷத்தில் கை இவ்வளவு உற்சாகமாக ஓடியதில்லை. கடைசியில் துணி பால் வெள்ளையானது. குழந்தையின் கன்னத்தில் இளஞ்சிவப்பு வந்தது.

"இப்ப பாரு."

இளையவள் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"அக்கா, ஒவ்வொரு கண்ணாக் கையால மறைச்சுக்கிட்டு ஒரு தடவை பாருங்க."

இதென்ன விளையாட்டு என்று எரிச்சலோடு முதலில் வலது கண்ணை மறைத்தாள்.

குழந்தை நீலம் பாய்ந்து கிடந்தது. கன்னம், உதடு, சுற்றியிருந்த துணி எல்லாம் நீலம். மூச்சு நின்றுபோன குழந்தை மாதிரி.

பதறிக் கையை எடுத்தாள். இப்போது இடது கண்ணை மறைத்தாள். வலது கண்ணில் அதே பால் வெள்ளை, அதே இளஞ்சிவப்பு.

எழுந்து சுவரைப் பார்த்தாள். போன மாதம் வெள்ளையடித்த சுவர். இடது கண்ணுக்கு வெள்ளை. வலது கண்ணுக்கு யாரோ தேநீரை ஊற்றித் துடைத்த மாதிரி.

ஒரு வருஷமாக வந்த படங்களிலிருந்தெல்லாம் இல்லாத மஞ்சளை எடுத்து எடுத்து அனுப்பியிருக்கிறாள். எத்தனை குழந்தைகள், எத்தனை மணப்பெண்கள்! எல்லோரையும் நீலமாக்கி, நன்றாக வந்திருக்கிறது என்று திருப்தியோடு.

மாடிக்குப் போனவர்களை யாரும் மயக்கிக் கூப்பிடவில்லை.

"உள்ளே புரை விழுந்திருக்கும்க்கா. சின்ன ஆபரேஷன்தான், சரியாயிடும். நாளைக்கு டாக்டர்கிட்ட நேரம் வாங்கியிருக்கேன், நானே கூட்டிட்டுப் போறேன்." இளையவள் படபடவென்று சொல்லிக்கொண்டே போனாள். "சும்மா சொன்னா நம்பமாட்டீங்கன்னுதான் இதை எடுத்துட்டு வந்தேன்."

மூத்தவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

இளையவள் லேப்டாப்பை மெல்ல மூடினாள்.

"முதல் ஸ்டுடியோக்காரர் உங்க படத்தை மேல கொண்டுவந்து காட்டினாரே, அன்னிக்கே."

ஒரு வருஷம். படியில் நின்று ஒரு குரல் கொடுத்தால் கேட்கும் தூரம்.

"எப்பவும் எல்லாரும் உங்க பேரைத்தானேக்கா..." என்று தொடங்கிய இளையவள் அதை முடிக்காமல் தலையைக் குனிந்துகொண்டாள்.

மூத்தவள் அந்த முகத்தையே பார்த்தாள். புதிதாக ஒன்றுமில்லை. தினமும் காலையில் பல் தேய்க்கும்போது கண்ணாடியில் பார்க்கிற அதே முகம்தான்.